டையில் தொடங்கிய சட்டைக் கதை

தெருமுனைத் தையல்காரரோடு போட்டி போட்டு வளர்ந்த மும்பைக் குடும்பத்துக்கு இப்போது டி-ஷர்ட்தான் எதிரி

மும்பையின் புழுக்கத்தில் கழுத்தை இறுக்கும் டையை யார் ஆசைப்பட்டுக் கட்டுவார்கள்? 1954இல் எம்.ஒய். நூரானி தொழில் தொடங்கியது அந்த டையை நம்பித்தான். வெள்ளைக்காரர்கள் போய் ஏழு வருடமாகியும் வங்கிகளிலும் கம்பெனிகளிலும் டை போகவில்லை. ‘ஜோடியாக்’ என்ற பெயர் அங்கே நிலைத்தது.

டை கட்டுபவருக்குச் சட்டை வேண்டுமே? குடும்பம் அதிலும் இறங்கியது. ஆனால் சட்டைக்கு ஏற்கனவே ஒருவர் இருந்தார்: தெருமுனைத் தையல்காரர். துணி எடுத்து, அளவு கொடுத்து, காஜா பையன் வேலையை முடிக்கும்வரை நடையாய் நடப்பதுதான் வழக்கம். ‘ரெடிமேட்’ என்றால் மட்டம் என்ற எண்ணம் வேறு. அதை மாற்ற, விளம்பரங்களில் கம்பீரமான தாடிக்காரர் ஒருவர் தோன்றினார்.

இன்னொரு தடை டெல்லியில் இருந்தது. ஆயத்த ஆடைத் தயாரிப்பைச் சிறுதொழிலுக்கென்று அரசு ஒதுக்கி வைத்திருந்தது. பெரிதாக முதலீடு செய்ய வேண்டுமானால் ஏற்றுமதிக்கு உறுதி தர வேண்டும். ஏற்றுமதிக்கோ 1974 முதல் நாடுவாரியாகக் கோட்டா. விளைவு, தொழில் சிறு சிறு பட்டறைகளாகச் சிதறியது. தாராவியின் சந்துகளில், ஏணி ஏறிப் போகும் மாடி அறைகளில், லேபிள் இல்லாத சட்டைகள் இன்றும் குவிகின்றன.

2000இல் அந்த ஒதுக்கீடு நீங்கியது. 2005 ஜனவரி 1இல் கோட்டாவும் ஒழிந்தது. ஆனால் கதவு எல்லோருக்கும்தான் திறந்தது. ஏற்றுமதிச் சந்தையில் வங்கதேசம் நெருக்கியது. உள்நாட்டிலோ 1989 முதலே லூயி பிலிப், வான் ஹூசன், ஆரோ என வெளிநாட்டுப் பெயர்கள் வரிசையாக வந்திருந்தன. வொர்லியைத் தலைமையகமாகக் கொண்ட நூரானி குடும்பம் பெங்களூரிலும் குஜராத்தின் உம்பர்காவிலும் ஆலைகளையும், ஊர் ஊராகச் சொந்தக் கடைகளையும் வைத்து ஈடுகொடுத்தது.

2020இல் வந்தது கொரோனா. அலுவலகம் வீட்டுக்குள் நுழைந்தது. கேமராவில் தெரியும் வரைக்கும் சட்டை, கீழே லுங்கி. டையைக் கேட்க ஆளில்லை. 2020-21 நிதியாண்டு நிறுவனத்துக்கு நஷ்டத்தில் முடிந்தது. அலுவலகங்கள் மீண்டும் திறந்தபோது பலர் டி-ஷர்ட்டிலேயே திரும்பினார்கள்.

தாராவியில் சட்டைக்கு ஆர்டர் வராவிட்டால் மறுநாள் அதே மெஷினில் குர்தி தைப்பார்கள். ஊரறிய மடிப்புக் கலையாத சட்டையோடு தன் பெயரைச் சேர்த்துத் தைத்துவிட்ட குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.