அடுத்து என்ன? பொருநைக் கரையில் ஒரு புத்தக வேட்டை!

டி.வி.யில் கிரிக்கெட் ஓடுகிறது. கடைசி ஓவர். ஜெயிக்க ஆறு ரன் வேண்டும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டால் எப்படி இருக்கும்? "ஐயோ, அடுத்து என்ன ஆச்சு?" என்று துடித்துப் போவீர்கள் அல்லவா?

அந்த "அடுத்து என்ன?" இருக்கிறதே, அதுதான் விளையாட்டின் உயிர். ஒரு நல்ல கதைக்கும் அதுதான் உயிர். விளையாட்டு பிடித்த யாருக்கும் புத்தகம் பிடிக்காமல் போகாது. தனக்கேற்ற புத்தகம் இன்னும் கையில் சிக்கவில்லை, அவ்வளவுதான்!

"எனக்குப் படிக்கவே பிடிக்காது" என்று 6, 7, 8ஆம் வகுப்புகளில் பலர் சொல்வதுண்டு. காரணம் இருக்கிறது. சின்ன வகுப்பில் படம் பெரிதாக இருந்தது, எழுத்து கொஞ்சமாக இருந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் படம் குறைந்து எழுத்து கூடிவிடுகிறது. அறிவியலும் வரலாறும் நீளமான வாக்கியங்களில் வருகின்றன. கணக்குகூட கதை போல நாலு வரியில் வருகிறது. "எனக்குக் கணக்கு வராது" என்று நினைக்கும் ஒருவருக்கு உண்மையில் கணக்கு நன்றாகவே வரலாம். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல் இருக்கலாம்! அதனால், விளையாட்டாகச் சொன்னாலும் இது விளையாட்டு விஷயம் இல்லை.

சரி, முதலில் ஒரு புதிர். இந்தக் கட்டுரைக்குள் ஒரு ரகசியக் கட்டளை ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழி கடைசியில் இருக்கிறது. உடனே கடைசிக்குத் தாவக் கூடாது. அது போங்காட்டம்!

கட்டுக்குள் ஒரு புதையல்

நம் தாமிரபரணிக் கரையில் ஒரு மாபெரும் புதையல் வேட்டை நடந்திருக்கிறது, தெரியுமா? வேட்டைக்கு வந்தவர் கையில் துப்பாக்கியும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். பெயர், உ.வே. சாமிநாதையர். 'தமிழ்த் தாத்தா' என்று நீங்கள் படித்திருப்பீர்களே, அவரேதான்! ஆனால், அப்போது அவர் தாத்தா இல்லை. முப்பது வயதைத் தாண்டிய இளைஞர்.

1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு முடித்தார். அடுத்து, பத்துப்பாட்டை அச்சிட ஆசை. சங்க காலத்துப் பத்து நீண்ட பாட்டுகளின் தொகுப்பு அது. அந்தக் காலத்தில் பழைய நூல்கள் பனையோலையில்தான் இருந்தன. ஓலையைச் செல் அரிக்கும், பூச்சி தின்னும். ஒரு பாட்டுக்குத் தலை இருக்காது, இன்னொன்றுக்கு வால் இருக்காது. அதனால், நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராகத் தேடினார். அந்தத் தேடல்தான் அவரைத் திருநெல்வேலிச் சீமைக்கு அழைத்து வந்தது.

இங்கே பரம்பரை பரம்பரையாகக் கவிராயர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீடுகளில் ஓலைச்சுவடிகள் கட்டுக்கட்டாக இருந்தன. திருநெல்வேலியில் ஒரு கவிராயர் வீட்டில் சுவடிகளை வரிசையாக, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அசந்து போனார். வேட்டை அங்கே முடியவில்லை. ஆற்றின் போக்கிலேயே ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று போனார்.

ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயர் வீடு. கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தார். இது இல்லை... இதுவும் இல்லை... நாள்தான் போனது. பத்துப்பாட்டு அகப்படவே இல்லை. மனம் சோர்ந்து விட்டது. கடைசியில், உறவினரான தேவர்பிரான் கவிராயரிடம் இருந்த சில சுவடிகளை லட்சுமண கவிராயர் கொண்டு வந்து கொடுத்தார். அப்போது இரவு நேரம். விளக்கு கொண்டுவரக்கூட சாமிநாதையருக்குப் பொறுமை இல்லை. நிலா வெளிச்சத்திலேயே கட்டைப் பிரித்தார். கண்ணில் பட்டது... முல்லைப்பாட்டு! பத்துப்பாட்டில் ஒன்று!

1889இல் பத்துப்பாட்டு அச்சாகி வெளிவந்தது. இந்த வேட்டையை அவரே 'என் சரித்திரம்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். துப்பறியும் கதை தோற்றுப் போகும்!

இதில் நமக்கு என்ன சேதி? அவ்வளவு பெரிய அறிஞரையும் ஊர் ஊராக ஓட வைத்தது பரீட்சை இல்லை, மார்க் இல்லை. "அடுத்த கட்டில் என்ன இருக்கும்?" என்ற ஆவல்தான்.

தைரியமாகப் பக்கத்தைத் திருப்புங்கள்

"அதெல்லாம் சரி, எதை எடுத்துப் படிக்க?" என்கிறீர்களா? நாவலில் தொடங்குங்கள். நாவல் என்றால் தலையணை அளவு இருக்கும் என்று பயப்படாதீர்கள். உங்கள் வயதுக்கென்றே எழுதிய சின்ன நாவல்கள் இருக்கின்றன.

கோவில்பட்டியைச் சேர்ந்த உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' அப்படி ஒன்று. கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. இதைப் படித்து முடித்தால், தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூருக்குப் போகத் தோன்றும். அங்கே மண்ணுக்குள் கிடைத்த முதுமக்கள் தாழிகள், வெறும் பானைகளாகத் தெரியாது. யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்று மனசு கேள்வி கேட்கும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இலும், விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இலும் இதே விருதைப் பெற்றன. தலைப்பைக் கேட்டாலே "என்ன ரகசியம்? ஏன் ஒற்றைச் சிறகு?" என்று தோன்றுகிறதா? வாசிப்பு தொடங்கிவிட்டது!

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, இப்போது தூத்துக்குடி மாவட்டம். அந்த ஒரே ஊரில் இருந்து இரண்டு நண்பர்கள் பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன். அவருடைய பள்ளிப் படிப்பு நடுவிலேயே நின்றுபோனது. வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். இன்னொருவர் கு. அழகிரிசாமி. அவர் எழுதிய 'அன்பளிப்பு' என்ற சிறுகதை முழுக்கப் புத்தகப் பைத்தியம் பிடித்த சிறுவர் பட்டாளம்தான். அதில் சாரங்கன் என்று ஒரு பையன் வருவான். அவன் கடைசியில் என்ன செய்கிறான் என்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீங்களே படியுங்கள்!

கதைக்குள்ளேயே புகுந்து விளையாட முடியுமா? முடியும். அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கார்ட் என்ற வழக்கறிஞர் இருந்தார். இரவில் தன் மகள்களுக்குக் கதை சொல்வார். ஒரு நாள் கதை பாதியில் நின்றுவிட்டது. "அடுத்து என்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளிடமே கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அவருக்குப் பொறி தட்டியது! 1979இல் வெளிவந்த அவருடைய 'தி கேவ் ஆஃப் டைம்' புத்தகத்தில் கதாநாயகன் நீங்கள்தான். "இடப்பக்கம் போனால் இந்தப் பக்கத்தைப் புரட்டு, வலப்பக்கம் போனால் அந்தப் பக்கத்தைப் புரட்டு" என்ற மாதிரி கதை பல வழிகளில் பிரிந்து போகும். 1982இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் பகடையையும் சேர்த்துக்கொண்டார்கள். பகடையை உருட்டிக்கொண்டே படிக்கிற புத்தகம்! அவை வந்தபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள்.

படக்கதையும் வாசிப்புதான், சந்தேகமே வேண்டாம். 1972இல் முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் பக்கத்து ஊரான சிவகாசியில் இருந்துதான் புறப்பட்டன. இரும்புக்கை மாயாவியைப் படித்துத்தான் வேகமாக வாசிக்கப் பழகினோம் என்று சொல்லும் அப்பாக்கள் இன்றும் உண்டு. கேட்டுப் பாருங்கள்!

பகடை, சோழி, புத்தகம்!

இனி நாமே விளையாடலாம். செலவு கிடையாது. நாலு பேர், ஒரு புத்தகம், கொஞ்சம் காகிதம் போதும்.

1. புத்தகப் பரமபதம்: பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் 30 கட்டம் போடுங்கள். நாலு ஏணி, நாலு பாம்பு வரையுங்கள். எல்லோரும் ஒரே நாவலைப் படிக்க வேண்டும். ஓர் அத்தியாயம் படித்தவருக்கு ஒரு முறை பகடை உருட்ட உரிமை. பகடை இல்லையா? சோழி போடுங்கள். ஏணிக் கட்டத்தில் நின்றால், அந்த அத்தியாயத்தில் வந்த ஒரு புதிய சொல்லுக்குப் பொருள் சொன்னால்தான் ஏறலாம். பாம்புக் கட்டத்தில் நின்றால் மற்றவர்கள் கதையில் இருந்து ஒரு கேள்வி கேட்பார்கள். சரியாகச் சொன்னால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் சறுக்கல்தான்!

2. அழிப்பாங்கதை: நம் பக்கத்தில் விடுகதைக்கு இந்தப் பெயரும் உண்டு. ஆச்சியிடம் கேட்டால் பத்தாவது எடுத்து விடுவார். அதே பாணியில், படித்த கதையில் வரும் ஒருவரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் இரண்டு வரியில் விடுகதை போடுங்கள். கண்டுபிடித்தவர் அடுத்த விடுகதையைப் போட வேண்டும்.

3. ரகசியச் சங்கேதம்: இரண்டு பேரிடமும் ஒரே புத்தகம் இருக்க வேண்டும். பாடப்புத்தகம்கூடப் போதும். "12-4-3" என்று நண்பனுக்கு எழுதி அனுப்புங்கள். 12ஆம் பக்கம், 4ஆம் வரி, 3ஆம் சொல் என்று பொருள். இப்படியே சொல் சொல்லாகச் சேர்த்து "சாயங்காலம் மைதானத்துக்கு வா" என்று ஒரு சேதி அனுப்ப வேண்டும் என்றால், எத்தனை பக்கம் தேட வேண்டியிருக்கும்! தேடும்போதே பாதிப் புத்தகம் படித்து முடித்திருப்பீர்கள்.

4. வழி பிரியும் கதை: ஒரு 40 பக்க நோட்டு எடுத்து, பேக்கார்ட் செய்ததை நீங்களும் செய்யுங்கள். ஊர், நம்ம ஊராக இருக்கட்டும். இதோ ஒரு தொடக்கம்:

"நீ குறுக்குத்துறையில் நிற்கிறாய். ஆற்றுக்குள் முருகன் கோயில். மேற்கே மலையில் கறுத்த மேகம். தண்ணீர் கலங்கி வருகிறது. கோயில் மண்டபத்தில் ஒரு ஆட்டுக்குட்டி தனியாகக் கத்துகிறது. நீயே இறங்கப் போகிறாயா? பக்கம் 3. ஓடிப்போய்ப் பெரியவர்களைக் கூப்பிடப் போகிறாயா? பக்கம் 6."

பக்கம் 3இல் என்ன நடக்கும்? அதை எழுத வேண்டியவர் நீங்கள். தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தால் அந்தக் கோயிலையே மூழ்கடித்துவிடும். அது தெரிந்தவர் சரியாக எழுதுவார். எழுதி முடித்ததும் நோட்டை வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள்.

டி.கே.சி. வீட்டு முற்றம்

இன்னும் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நண்பர் ஒருவர் இருப்பார். 'வாசி' என்று ஆசிரியர் சொன்னதும் அவருக்குக் கை நடுங்கும். ஒரு சொல் தடுமாறினால் பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருமுறை அப்படிச் சிரித்தால் போதும், அவர் புத்தகத்தை மூடிவிடுவார். பிறகு எந்த விளையாட்டுக்கும் வர மாட்டார். ஒருவேளை, அந்த நண்பர் நீங்களாகவும் இருக்கலாம்.

அவருக்காக ஒரு பழைய நெல்லைச் செய்தி. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீடு இருந்தது. சுருக்கமாக டி.கே.சி. 1920களில் அவர் வீட்டின் வட்டமான முற்றத்தில் நண்பர்கள் கூடுவார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்தது. அங்கே என்ன வேலை? ஒருவர் கம்பராமாயணப் பாட்டை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். அவசரமே கிடையாது. நன்றாக இருந்தால் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசிப்பார்கள். படித்த பெரியவர்களே அப்படி நிதானமாகப் படித்தார்கள்!

நீங்களும் ஒரு வட்டத்தொட்டி தொடங்கலாம். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் போதும். வேகமாகப் படிப்பவர் ஒரு பக்கம் வாசிக்கட்டும். மற்றவர்கள் விரலை வரியில் வைத்துக்கொண்டே கேட்கட்டும். தடுமாறுபவர் ஒரே ஒரு வாக்கியம் வாசிக்கட்டும். மறுநாள் இரண்டு வாக்கியம். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: யாரும் சிரிக்கக் கூடாது. சுவாரசியமான இடத்தில் டக்கென்று நிறுத்திவிடுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்த நண்பரே மறுநாள் "அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் தா" என்று கேட்டால், உங்கள் வட்டத்தொட்டி ஜெயித்துவிட்டது!

புத்தகத்துக்கு எங்கே போவது? பள்ளி நூலக அலமாரியைத் திறக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பல ஊர்களில் கிளை நூலகமோ, ஊர்ப்புற நூலகமோ இருக்கும். பெற்றோருடன் போய் உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளுங்கள். நெல்லையில் பொருநை புத்தகத் திருவிழா நடக்கும்போது, உண்டியல் காசோடு கிளம்புங்கள்.

ஒரு புத்தகம் இருபது பக்கம் போயும் பிடிக்கவில்லையா? வைத்துவிட்டு வேறு எடுங்கள். தப்பே இல்லை. சாமிநாதையர் எத்தனை கட்டுகளைப் பிரித்துப் பார்த்து "இது இல்லை" என்று வைத்திருப்பார்! உங்களுக்கான கட்டும் எங்கோ ஓர் அலமாரியில் காத்திருக்கிறது.

ஓ, ரகசியக் கட்டளையா? மறக்கவில்லை. மேலே இருக்கும் நான்கு துணைத் தலைப்புகளின் முதல் எழுத்துகளை மட்டும் வரிசையாகச் சேர்த்துப் படியுங்கள். கண்டுபிடித்துவிட்டீர்களா? அப்புறம் என்ன, கட்டளையை நிறைவேற்றுங்கள்!