சட்டைக் கையில் ஏறும் திறன்

சாரணர் ஒருவர் ஒரு வேலையைத் தேர்வாளர் முன் செய்து காட்டி, அதற்கு அடையாளமாகச் சீருடையில் தைத்துக்கொள்ளும் சிறிய துணி வில்லையே தனித்திறன் சின்னம். முதலுதவி, சமையல், நீச்சல், தீயணைப்பு, வழிகாட்டல் என ஒவ்வொரு திறனுக்கும் ஒரு சின்னம் உண்டு.

சாரணர் இயக்கம், பிரிட்டிஷ் படை அதிகாரி பேடன்-பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து வளர்ந்தது. இந்தியச் சிறுவர்களுக்கென்று 1916இல் சென்னையில் ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கியவர் அன்னி பெசன்ட். அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் அருண்டேல் துணை நின்றார். நாட்டில் தனித்தனியே இயங்கிய சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாகின. மறு ஆண்டு சாரணியரும் சேர, இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது.

பயிற்சி படிப்படியாக ஏறும். நுழைவுநிலையான பிரவேஷ் முடித்தவர் பிரதம சோபான், த்விதிய சோபான், த்ருதிய சோபான் எனக் கடந்து, ராஜ்ய புரஸ்கார், குடியரசுத் தலைவர் விருது வரை போகலாம். சோபானம் என்றால் படிக்கட்டு.

தொடக்கப் பாடங்களில் முக்கியமானது முடிச்சு. ரீஃப் முடிச்சு தட்டையாகப் படியும், எளிதில் அவிழும். அதனால்தான் அடிபட்ட கையைத் தாங்கும் முக்கோணத் துணியை அதைக் கொண்டு கட்டுகிறார்கள். போலைன் முடிச்சின் வளையம் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. ஆளைத் தூக்கிக் காப்பாற்ற அது உதவும். க்ளோவ் ஹிட்ச் கம்பைப் பற்றிக்கொள்ளும். இரு கழிகளைச் சேர்த்துக் கட்டும்போது கட்டு தொடங்குவதும் முடிவதும் பெரும்பாலும் அதில்தான். கயிறும் வலையும் அன்றாடம் புழங்கும் வட சென்னைக் காசிமேட்டை அடுத்த தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அந்நியமாக இருக்காது.

தனித்திறன் சின்னங்களுக்கு வந்தால், வழிகாட்டிச் சின்னத்துக்குப் புத்தகத்தைவிடத் தெருவே தேவை. தன் வட்டாரத்து மருத்துவமனை, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், தபால் நிலையம் எல்லாம் சாரணருக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அந்நியருக்குக் குழப்பமில்லாமல் வழி சொல்லவும் வரவேண்டும். தண்டையார்பேட்டையில் அது லேசான காரியம் அல்ல. தொற்றுநோய் மருத்துவமனைக்கு எந்தப் பக்கம் திரும்புவது, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கும்போது ஆம்புலன்ஸ் எந்தச் சந்து வழியாக நுழையும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் மாற்றுப்பாதை எது என்பதை நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். சின்னங்களில் மிகப் பயனுள்ளது இதுவே எனலாம்.

சின்னம் போட்டிப் பரிசு அன்று. எட்டிய உயரத்தைவிட எடுத்த முயற்சியே முக்கியம் என்பது பேடன்-பவலின் கொள்கை. அதனால் வேகமாக நீந்துபவரைப் போலவே, தண்ணீருக்குப் பயந்து பயந்து கற்றவரும் அதே துணி வில்லையைத் தைத்துக்கொள்கிறார்.