பப்பாளி: ஆணா, பெண்ணா?

வீட்டுத் தோட்டத்துப் பழமரங்களில் சீக்கிரம் பலன் தருவது பப்பாளி. நட்ட பத்து மாதத்தில் பழம் பறித்துவிடலாம். சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: பூக்கும்வரை அது ஆணா பெண்ணா என்று தெரியாது. இலையைப் பார்த்தும் வேரைப் பார்த்தும் அடித்துச் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். நம்ப வேண்டாம்.

பூவைப் பாருங்கள். ஆண் மரத்தில் நீளக் காம்பு கிளைகிளையாகத் தொங்கும்; அதில் கொத்துக்கொத்தாகச் சிறு பூக்கள். பெண் பூ பெரியது, தண்டை ஒட்டியே இருக்கும். இதழைப் பிரித்தால் உள்ளே உருண்டையாக ஒரு குட்டிக் காய் தெரியும். இருபால் பூவும் தண்டை ஒட்டித்தான் பூக்கிறது. ஆனால் குட்டிக் காய் ஒல்லியாக நீண்டிருக்கும், அதைச் சுற்றி மகரந்தப் பைகள் இருக்கும். நீளப் பழம் இருபால் மரத்தது, உருண்டைப் பழம் பெண் மரத்தது.

கோ.2 போன்ற ரகங்களில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போய்விடும். அதனால் ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரம் இட்டு, மூன்று நான்கு நாற்றுகளைச் சேர்த்து நடுவார்கள். நான்கும் ஆணாகிவிட 16இல் ஒரு வாய்ப்புதான். பூத்ததும் ஒரு பெண்ணை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம். ஆனால் அக்கம்பக்கத்தில் எங்காவது ஓர் ஆண் மரம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ப்பு சரிவராது. இந்த வம்பே வேண்டாம் என்றால் கோ.3, கோ.7, ரெட் லேடி இவற்றில் ஒன்றை வாங்குங்கள். பெண்ணும் இருபாலும்தான் வரும். கோ.3, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் கோ.2வையும் ஹவாயின் சன்ரைஸ் சோலோவையும் கலந்து எடுத்த ரகம். கடைப் பழத்து விதை என்றால் எது வேண்டுமானாலும் முளைக்கலாம். அதைப் போடுவதானால் விதைமேல் இருக்கும் வழவழப்புத் தோலைச் சாம்பலில் தேய்த்து எடுத்துவிடுங்கள்; அது முளைப்பைத் தடுக்கும்.

தண்ணீர் விஷயத்தில் பப்பாளிக்குப் பொறுமை கிடையாது. இரண்டு நாள் தேங்கினாலே வேர் அழுகி, நேற்றுவரை நன்றாக நின்ற மரம் சாய்ந்துவிடும். தண்டைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து, பாத்தியை அதற்கு வெளியே எடுங்கள்.

இலையடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டித் தோட்டம் தோட்டமாக அழித்தது இதுதான். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே அடங்கியது. அவை மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். கண்டதும் பூச்சிமருந்து தெளித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஒன்றிரண்டு இலையில் மட்டும் இருந்தால் கிள்ளி எரித்துவிட்டு, தண்டில் ஏறும் எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பதே எறும்புதான்.