'ஆடுவாரா, மாட்டாரா?': பெரிய மேட்ச்சுக்கு முன்பு வரும் காயத் தகவலை எவ்வளவு நம்பலாம்?

2018 ஜூன் 14. ரஷ்யாவில் உலகக்கோப்பை கால்பந்து தொடங்கிய நாள். மறுநாள் எகாடெரின்பர்க் நகரில் உருகுவேயை எகிப்து சந்திக்க வேண்டும். 28 வருஷம் காத்திருந்து எகிப்துக்குக் கிடைத்த உலகக்கோப்பை வாய்ப்பு அது. ஆனால் எகிப்து ரசிகர்கள் பேசிக்கொண்டிருந்தது உருகுவேயைப் பற்றி அல்ல, ஒரு தோள்பட்டையைப் பற்றி.

முகமது சலாவின் தோள்பட்டை! மே 26-ம் தேதி கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில், ரியல் மாட்ரிட் வீரர் செர்ஜியோ ராமோஸுடன் கை சிக்கிக் கீழே விழுந்தார் சலா. லிவர்பூல் அணியின் நட்சத்திரம் அரை மணி நேரத்திலேயே அழுதுகொண்டே மைதானத்தை விட்டு வெளியேறியதை உலகமே பார்த்தது.

உருகுவே மேட்ச்சுக்கு முந்தைய நாள் செய்தியாளர்களைச் சந்தித்த எகிப்து பயிற்சியாளர் ஹெக்டர் கூப்பர், சலா ஆடுவது கிட்டத்தட்ட 100 சதவீதம் உறுதி என்கிற மாதிரி பேசினார். ரசிகர்களுக்கு உயிரே வந்தது. அதோடு மறுநாள் சலாவின் 26-வது பிறந்தநாள் வேறு.

மறுநாள் நடந்தது என்ன? 90 நிமிடமும் சலா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். மாற்று வீரராகக்கூட இறக்கப்படவில்லை. 89-வது நிமிடத்தில் உருகுவேயின் ஹோசே ஹிமனெஸ் தலையால் முட்டி கோல் அடிக்க, எகிப்து 0-1 என்று தோற்றது.

அப்படியானால் கூப்பர் பொய் சொன்னாரா? பெரிய மேட்ச் வரும்போதெல்லாம் ரசிகர்கள் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

'மூன்று வாரம்' என்பது மூன்று வாரம் அல்ல

சலா அதிகபட்சம் மூன்று வாரம் ஆட முடியாது என்று எகிப்து கால்பந்து சங்கம் முன்பே அறிவித்திருந்தது. காயம் பட்ட நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். மூன்று வாரம் முடிவது ஜூன் 16. மேட்ச் ஜூன் 15. அதாவது, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஒரு நாள் இடிக்கிறது. ரசிகர்கள் அந்த ஒரு நாளை மனசுக்குள்ளேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

மருத்துவர்கள் சொல்லும் கால அளவு ஒரு சராசரிக் கணக்குதான், ரயில் டைம்டேபிள் மாதிரி கிடையாது. அதிலும் 'குணமாகிவிட்டார்' என்பதற்குள் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலில் வலியில்லாமல் நேர்கோட்டில் ஓட வேண்டும். அடுத்தது அணியோடு சேர்ந்து பயிற்சி செய்வது. கடைசியாக, எதிரணி வீரர் முழு வேகத்தில் மோதும்போதும் தயங்காமல் 90 நிமிடம் ஆடுவது. 'பயிற்சிக்குத் திரும்பிவிட்டார்' என்று வரும் செய்தி பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தைச் சொல்கிறது. நாம் அதை மூன்றாவதாக எடுத்துக்கொள்கிறோம். சலா விஷயத்தில் சந்தேகம் ஓடுவதில் இல்லை. மறுபடியும் அதே தோளில் விழுந்தால் என்ன ஆகும் என்பதில் இருந்தது. மேட்ச் முடிந்ததும் கூப்பர் சொன்ன விளக்கமும் ரிஸ்க் எடுக்க விரும்பவில்லை, அடுத்த போட்டிகளுக்கு அவர் தேவை என்பதுதான்.

அடிக்கடி கேட்கும் அந்தப் பெயர்: ஹாம்ஸ்ட்ரிங்

கால்பந்து செய்தி படிப்பவர்களுக்கு இந்த வார்த்தை மனப்பாடம். தொடையின் பின்பக்கம் இருக்கும் மூன்று தசைகளுக்கும் சேர்த்துச் சொல்லும் பெயர் இது. முழு வேகத்தில் ஓடும்போது முன்னால் போகும் காலைப் பிடித்து நிறுத்தும் பிரேக் இந்தத் தசைதான். ஓட்டத்தின் நடுவில் ஒரு வீரர் திடீரென்று தொடையின் பின்னால் கைவைத்து நின்றாலே ரசிகர்கள் 'போச்சுடா' என்று தலையில் கைவைப்பது இதனால்தான்.

ஐரோப்பாவின் முன்னணி கிளப்களில் ஏற்படும் காயங்களை 2001-02 சீசனிலிருந்து கணக்கெடுத்துவரும் யூஃபாவின் ஆய்வு, ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. முதல் சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம், 2021-22 சீசனில் 24 சதவீதமாகிவிட்டது. இரண்டு மடங்கு! இன்னொன்றும் முக்கியம். இந்தக் காயங்களில் 18 சதவீதம், ஏற்கெனவே பட்ட இடத்திலேயே திரும்ப வந்தவை. அப்படித் திரும்ப வந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வீரர் ஆடத் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள்ளேயே வந்துவிட்டன.

லேசான தசைக் கிழிசல் என்றால் சில நாட்கள் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். முழுசாகக் கிழிந்தால் மாதக்கணக்கு. ஆனால் லேசான கிழிசலோடு ஒருவரை அவசரப்பட்டு இறக்கினால் என்ன ஆகும்?

ஒன்பது நிமிடம்

இதற்குக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் டியேகோ கோஸ்டா.

2013-14 சீசனில் அட்லெடிகோ மாட்ரிட்டுக்காக எல்லாத் தொடர்களிலும் சேர்த்து 36 கோல் அடித்தவர் அவர். பார்சிலோனா, ரியல் என்ற இரண்டு பணக்கார கிளப்களைத் தாண்டி ஸ்பெயின் லீக்கை அட்லெடிகோ வென்ற சீசன் அது. சாம்பியன் பட்டத்தை உறுதிசெய்த கடைசி லீக் மேட்ச் மே 17-ம் தேதி பார்சிலோனாவில் நடந்தது. அதில்தான் கோஸ்டாவின் ஹாம்ஸ்ட்ரிங் மறுபடியும் பிடித்துக்கொண்டது. முதல் பாதியிலேயே வெளியேறினார். சரியாக ஒரு வாரம் கழித்து, மே 24-ல் லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. எதிரணி, அதே ஊர்க்காரர்களான ரியல் மாட்ரிட்.

அந்த ஒரு வாரமும் மாட்ரிட் நகரம் முழுக்க ஒரே பேச்சு. கோஸ்டா செர்பியாவின் பெல்கிரேடுக்குப் பறந்தார். குதிரையின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த திரவத்தைக் கொண்டு சிகிச்சை தருவதாகப் பேசப்பட்ட ஒரு நிபுணரைப் பார்த்தார். ஒரு தொடைத் தசைக்காக இவ்வளவு தூரமா என்று இப்போது கேட்கலாம். 40 வருஷத்துக்கு முன்னால், 1974-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில் தோற்ற கிளப் அது. மறுபடி ஒரு வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

இறுதிப்போட்டியில் தொடக்க அணியிலேயே கோஸ்டா பெயர் இருந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் அவர் வெளியேறினார். உள்ளே வந்தவர் ஆட்ரியன் லோபெஸ்.

விஷயம் அதோடு முடியவில்லை. அப்போது ஒரு அணிக்கு மூன்று மாற்று வீரர்கள்தான். அதில் ஒன்று ஒன்பதே நிமிடத்தில் காலி. 36-வது நிமிடத்தில் டியேகோ கோடின் கோல் போட்டு அட்லெடிகோவை முன்னிலைக்குக் கொண்டுபோனார். கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடம் வரை, அதாவது 93-வது நிமிடம் வரை கோப்பை அட்லெடிகோவின் கையில்தான் இருந்தது. அங்கே செர்ஜியோ ராமோஸ் தலையால் முட்டிச் சமன்செய்தார். (ஆமாம், அதே ராமோஸ்தான்.) அதற்குப் பிறகான அரை மணி நேர எக்ஸ்ட்ரா டைமில் அட்லெடிகோவின் ஹுவான்ஃபிரான் நொண்டி நொண்டி ஓடினார். அவரை மாற்ற ஆள் இல்லை, மூன்று வாய்ப்பும் முடிந்துவிட்டது. ரியல் மேலும் மூன்று கோல் போட்டு 4-1 என்று வென்றது.

கோஸ்டாவை இறக்கியது தன் பொறுப்புதான் என்று பயிற்சியாளர் டியேகோ சிமியோனே பிறகு ஏற்றுக்கொண்டார்.

'பெரிய பிளேயர், அரை மணி நேரம் ஆடினாலும் போதும்' என்று நாம் சொல்லும்போது மறந்துபோகும் கணக்கு இதுதான். முழுசாகக் குணமாகாத வீரர் பாதியில் விழுந்தால் அணி இழப்பது அவரை மட்டும் அல்ல, ஒரு மாற்று வாய்ப்பையும்தான். 2020-ல் கொரோனா காலத்தில் தற்காலிகமாக வந்து, 2022-ல் நிரந்தரமாக்கப்பட்ட ஐந்து மாற்று வீரர்கள் விதி இந்தச் சூதாட்டத்தின் விலையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஊசி போட்டு இறக்கினால் என்ன?

ரசிகர்கள் கூடும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். அணிகள் வலி மறக்கடிக்கும் ஊசியைப் பயன்படுத்துவது உண்மைதான். மரத்துப்போகச் செய்யும் ஊசிக்குத் தடையும் கிடையாது. ஆனால் ஸ்டீராய்டு வகையான குளுக்கோகார்டிகாய்டு ஊசிகளைப் போட்டி நேரத்தில் போடுவதற்கு 2022 ஜனவரியிலிருந்து உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு தடை போட்டிருக்கிறது.

தடையை விடுங்கள். வலி என்பது உடம்பு அடிக்கும் அலாரம். ஊசி அந்த அலாரத்தை அணைக்கும், தீயை அணைக்காது. கால் விரலிலோ விலாவிலோ அடிபட்டவர் வலியை மரக்கவைத்து ஒரு மேட்ச் ஆடிவிடலாம். கிழிந்த தசையை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடினால், வலி தெரியாது என்பதாலேயே கிழிசல் பெரிதாகும்.

அதனால் காயம் எந்த இடத்தில் என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 2022 நவம்பர் 1-ல் மார்செய் அணிக்கு எதிரான மேட்ச்சில் தென்கொரியாவின் சோன் ஹியூங்-மின்னுக்கு இடது கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. கேட்கவே பயமாக இருக்கும் காயம். ஆனால் ஓடும் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நவம்பர் 24-ல் கறுப்பு முகமூடியோடு உருகுவேக்கு எதிராக இறங்கினார். போர்ச்சுகலுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அவர் கொடுத்த பாஸில்தான் ஹ்வாங் ஹீ-சான் கோல் அடித்து கொரியாவை நாக்-அவுட்டுக்குக் கொண்டுபோனார்.

உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லையா?

அமெரிக்காவின் என்எஃப்எல் போட்டிகளில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு அணியும் மேட்ச்சுக்கு முந்தைய நாட்களில் யாருக்கு என்ன காயம், பயிற்சியில் முழுசாகக் கலந்துகொண்டாரா என்று பட்டியல் வெளியிட்டே ஆக வேண்டும். கோடிக்கணக்கில் பந்தயப் பணம் புரளும் ஆட்டத்தில், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தகவல் தெரியக் கூடாது என்பது இதில் முக்கியக் காரணம்.

நாம் பார்க்கும் கால்பந்தில் அப்படிப்பட்ட பட்டியல் வழக்கம் இல்லை. பயிற்சியாளர் செய்தியாளர் சந்திப்பில் சொல்வதுதான் தகவல். அவர் பேசுவது நம்மிடம் மட்டுமா? எதிரணி பயிற்சியாளரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சலா வருவார் என்று நினைத்தால் உருகுவே தன் இடதுபக்கத் தடுப்பாட்டத்தை ஒரு மாதிரி அமைக்கும். வரமாட்டார் என்று தெரிந்தால் வேறு மாதிரி. முந்தைய நாளே கையை விரித்துக் காட்ட எந்தப் பயிற்சியாளருக்கும் ஆசை இருக்காது.

ஆகவே 'நாளை காலை முடிவு செய்வோம்' என்று சொன்னால், முடிவு பல நேரம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். 'அணியோடு பயணம் செய்கிறார்' என்றால் பஸ்ஸில் ஏறுகிறார் என்று மட்டும்தான் அர்த்தம். ஃபேன்டஸி ஆட்டத்தில் வீரர் பெயர் பக்கத்தில் 75 சதவீதம் என்று மஞ்சள் அடையாளம் வந்தால், அதுவும் இந்தப் பேச்சுகளை வைத்துப் போட்ட கணிப்புதான், ஸ்கேன் ரிப்போர்ட் அல்ல. கேப்டனாகப் போடுவதற்கு முன்னால் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

இருப்பவரா, திரும்பி வருபவரா?

காயத்திலிருந்து ஒருவர் திரும்பும்போது இன்னொரு சண்டையும் தொடங்கும். 2019 ஏப்ரல் 9-ல் கணுக்கால் காயத்தோடு வெளியேறினார் டாட்டன்ஹாமின் ஹாரி கேன். அவர் இல்லாத அரையிறுதியில் லூகாஸ் மோரா ஆம்ஸ்டர்டாமில் ஹாட்ரிக் அடித்து, அணியைச் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஜூன் 1 இறுதிப்போட்டியில் கேன் தொடக்க அணியில், மோரா பெஞ்சில். கிட்டத்தட்ட எட்டு வாரம் போட்டியே ஆடாமல் வந்த கேனால் எதுவும் செய்ய முடியவில்லை. லிவர்பூல் 2-0 என்று வென்றது. காயம் ஆறுவது வேறு, ஆட்டத்தின் வேகம் திரும்புவது வேறு என்பதை டாட்டன்ஹாம் ரசிகர்கள் இன்றுவரை பேசித் தீர்க்கவில்லை.

எகிப்து கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. ஜூன் 19-ல் ரஷ்யாவுக்கு எதிராக சலா முதல் நிமிடத்திலிருந்தே ஆடினார். பெனால்டியில் ஒரு கோலும் போட்டார். ஆனால் ரஷ்யா 3-1 என்று வென்றது. மறுநாள் சவுதி அரேபியாவை உருகுவே தோற்கடித்ததும் எகிப்து உலகக்கோப்பையிலிருந்து வெளியேறியது.