‘கொண்ட’ என்ற ஒரு சொல்

சித்தூரில் ஓடும் நீவா நதி தெற்கே போய்ப் பொன்னையாறு என்று பேர் மாறுகிறது. அதன் கரையிலுள்ள மேல்பாடியில், கி.பி. 959இல், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பாசறை போட்டிருந்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு, 949இல், அரக்கோணம் அருகே தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்டான். நம் பகுதி அடங்கிய தொண்டை மண்டலம் கைமாறியது.

பழி யார் மேல்? தமிழர் நாம் சட்டென்று கிருஷ்ணனைக் காட்டிவிடுவோம். ஆனால் கணக்கை முதல் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ராஜாதித்தனின் தந்தை முதலாம் பராந்தகன், இந்த வட்டாரத்தை ஆண்ட பாணர்களின் நாட்டைப் பறித்துக் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்குக் கொடுத்தான். வைதும்பரையும் அடக்கினான். நாடிழந்தவர்கள் கிருஷ்ணனை அண்டினார்கள். அது அவனுக்கு நல்ல சாக்கு. சாக்கு வேறு, நியாயம் வேறு. மேல்பாடியில் தங்கியது தென்மண்டலங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கிட என்று அவனுடைய கர்ஹாட் செப்பேடே சொல்லிவிடுகிறது.

இனி விளம்பரத்தைப் பாருங்கள். பராந்தகனின் பட்டம் ‘மதுரையும் ஈழமும் கொண்ட’. கிருஷ்ணனின் பட்டம் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’. இரண்டிலும் ‘கொண்ட’ என்ற ஒரே சொல்தான். வீடிழந்தவன், விதவையானவள், எரிந்த களத்துமேடு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. ராஜாதித்தன் சாவுக்கும் இரண்டு கணக்கு உண்டு. சோழர் செப்பேடு அவனை யானைமேல் வீரசுவர்க்கம் புகுந்தவனாகக் காட்டுகிறது. கன்னடத்து ஆதகூர்க் கல்வெட்டோ, அவனைக் கொன்ற கங்கன் பூதுகனுக்கு வனவாசி முதலிய நாடுகள் பரிசாகக் கிடைத்ததைப் பதிவு செய்கிறது. 2022இல் உக்ரைனுக்குள் படை அனுப்பிய ரஷ்யா அதைப் போர் என்று சொல்லவில்லை, ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றது. சொல் மாறினாலும் வேலை அதேதான்.

ராஷ்டிரகூடர் எங்கள் சமண சமயத்தை ஆதரித்தவர்கள். அதனால் கிருஷ்ணன் பக்கம் சாயலாமா? அதே 959இல் சோமதேவ சூரி ‘யசஸ்திலகம்’ என்ற நூலை முடித்தார். மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே பல பிறவி துன்பப்பட்ட யசோதரனின் கதை அது. அந்நூலின் முடிவில், பாண்டியன், சிங்களன், சோழன், சேரன் ஆகியோரை வென்று மேல்பாடியில் வீற்றிருக்கும் கிருஷ்ணன் என்று வெற்றிப் பட்டியல் வருகிறது! மாவுக் கோழிக்கு இரங்கிய பேனா, தக்கோலத்தில் செத்தவர்களுக்கு இரங்கவில்லை.

எங்கள் அறநூல்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. தானே செய்தல், பிறரைச் செய்யவைத்தல், செய்ததற்கு உடன்படுதல் என்று ஹிம்சை மூன்று வழியில் ஒட்டும். வெட்டிய வீரன் முதல் வகை, ஏவிய அரசன் இரண்டாம் வகை, மெய்க்கீர்த்தி எழுதியவரும் படித்துக் கைதட்டும் நாமும் மூன்றாம் வகை. இல்லறத்தான் தன் ஊரையும் உயிரையும் காக்க எதிர்த்து நிற்பதைத் தனியாக ‘விரோதி ஹிம்சை’ என்பார்கள். அதற்கு இல்லறத்தானுக்கு இடம் உண்டு. வேண்டுமென்றே கொல்லப் புறப்படும் ‘சங்கல்ப ஹிம்சை’க்கு இடமில்லை. படையெடுத்தவனையும் தடுத்தவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது இதனால் தெரியும்.

மேல்பாடிக்கோ, காளஹஸ்தி அருகே பராந்தகன் தன் தந்தைக்குக் கோயில் எடுத்த தொண்டைமானாற்றூருக்கோ பிள்ளைகளை அழைத்துப் போனால், கல்வெட்டைக் காட்டி மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எழுதவைத்தவர் யார்? லாபம் யாருக்கு? எழுதாமல் விட்டது எது? நம்ம ராஜா, அவங்க ராஜா என்று பார்க்காமல் கேட்டால்தான் அது சரித்திரம்.