பொன்னி என்ற பெயர் யாருக்குச் சொந்தம்? அரிசி மூட்டையும் வணிகச் சின்னச் சட்டமும்

ஜோர்ஜ்டவுன்: லிட்டில் இந்தியா வட்டாரத்து மளிகைக் கடைகளில் அரிசி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. "பொன்னி பத்து கிலோ கொடுங்க", "பசுமதி அஞ்சு கிலோ போதும்" என்றுதான் கேட்கிறார்கள். பொன்னி என்றால் எந்த அரிசி என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். அந்தப் பெயரை ஒரே ஒரு நிறுவனம் தனக்கு மட்டும் உரிய வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள முடியுமா?

இந்தக் கேள்வி மலேசிய நீதிமன்றத்திலேயே எழுந்து, அதற்குத் தீர்ப்பும் கிடைத்திருக்கிறது.

நீதிமன்றம் சென்ற பொன்னி

சியாரிகாட் ஃபைசா என்ற மலேசிய அரிசி நிறுவனம் "பொன்னி" என்ற சொல்லை இங்கே வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்தது. இதை எதிர்த்து, அபேடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய வேளாண் மற்றும் பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் மற்றவர்களும் உயர் நீதிமன்றத்தை நாடினர். பொன்னி என்பது தமிழ்நாட்டில் விளையும் ஒரு நெல் வகையின் பெயர், அது எந்த ஒரு கடைக்கும் நிறுவனத்துக்கும் உரிய பெயர் அல்ல என்பது அவர்களின் வாதம்.

நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்று, பதிவேட்டிலிருந்து அந்தச் சின்னத்தை நீக்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு 2011-ஆம் ஆண்டு மலேசியச் சட்டத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியானது.

வணிகச் சின்னத்தைப் பதிவு செய்தவருக்கு, அந்தப் பொருளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை கிடைக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். ஆகவே "பொன்னி" ஒருவர் கைக்குப் போனால் இரண்டு விளைவுகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து உண்மையான பொன்னியை இறக்குமதி செய்யும் மற்ற வணிகர் மூட்டையில் இருப்பது என்னவென்று சொல்லவே தயங்க வேண்டியிருக்கும். மறுபுறம், சின்னத்தின் உரிமையாளர் அந்த மூட்டையில் பொன்னியைத்தான் நிரப்ப வேண்டும் என்று வணிகச் சின்னப் பதிவு அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. பெயரை நம்பி வாங்கும் குடும்பங்களுக்கு இரண்டு வகையிலும் நட்டம்.

செபராங் பிறையில் பிறந்த தாய் நெல்

பொன்னி என்பது காவிரி ஆற்றின் இன்னொரு பெயர். பெயரில் தஞ்சை மண் மணந்தாலும் இந்த நெல்லின் பூர்வீகத்தில் பினாங்கு மாநிலத்துக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

1950-களில் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் திட்டத்தின் கீழ், இந்தியாவின் கட்டாக் நகரிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆசிய நாடுகளின் நெல் வகைகள் ஒன்றோடொன்று கலப்பு செய்யப்பட்டன. தைவானின் தைச்சுங் 65 என்ற வகையும், மலாயாவின் மாயாங் எபோஸ் 80 என்ற வகையும் அவற்றில் அடங்கும். அந்தக் கலப்பு விதை மலாயாவுக்கு வந்தது. செபராங் பிறையின் புக்கிட் மேரா நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஜப்பானிய நிபுணர்களும் அந்தப் பணியில் உதவினர். 1965-இல் அந்த நெல் "மசூரி" என்ற பெயருடன் விவசாயிகளின் கைக்கு வந்தது.

அதே மசூரி தமிழ்நாட்டுக்குச் சென்று பொன்னி ஆனது. அதிலிருந்து தேர்வு செய்யப்பட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. பினாங்குக் கடைகளில் இன்று மூட்டையில் வந்து இறங்கும் பொன்னிக்கு ஒரு விதத்தில் இதுவே தாய்வீடு.

அப்படியானால் பொன்னி என்ற பெயர் மலேசியாவுக்குச் சொந்தம் என்று வாதாடலாமா? முடியாது. விதை எங்கே பிறந்தது என்பதை வணிகச் சின்னச் சட்டம் ஆராய்வதில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் சந்தையில் வாங்குகிறவர் என்ன புரிந்துகொள்கிறார் என்பதைத்தான் பார்க்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

பொன்னி வழக்கின்போது நடப்பில் இருந்தது 1976-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம். 2019 டிசம்பர் 27 முதல் அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அமலில் இருக்கிறது. இதன் 23-ஆவது பிரிவு எந்தெந்தப் பெயர்களைப் பதிவு செய்யக் கூடாது என்று வரையறுக்கிறது. அதில் இரண்டைப் பயனீட்டாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பொருளின் வகை, தரம், அளவு, பயன், விளைந்த இடம் போன்றவற்றை மட்டுமே சொல்லும் பெயர். எல்லா வணிகர்களுக்கும் தேவைப்படும் பொதுச் சொல்லை ஒருவர் வேலி போட்டு அடைக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். "பொன்னி" இந்த வகைச் சொல். ஒரு பெயர் நீண்டகாலப் பயன்பாட்டால் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தை மட்டுமே நினைவூட்டும் அளவுக்கு மாறிவிட்டால் விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

இரண்டாவது, மக்களை ஏமாற்றக்கூடிய அல்லது குழப்பக்கூடிய பெயர். ஊர்ப்பெயர் இருந்தாலே அது ஏமாற்று ஆகிவிடாது. மின்விசிறிக்கு "எவரெஸ்ட்" என்று பெயர் வைத்தால், அது மலை உச்சியில் தயாரானது என்று யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் வேறு எங்கோ எடுத்த உப்பை "இமயமலை உப்பு" என்று விற்றால் வாங்குகிறவர் நம்புவார். நம்பித்தான் கூடுதல் விலையும் கொடுப்பார். வெளிநாட்டு ஜாதிக்காயில் எடுத்த எண்ணெய்க்குப் "பினாங்கு ஜாதிக்காய் எண்ணெய்" என்று பெயர் சூட்டினாலும் அதே நிலைதான். பெயரில் உள்ள இடம், அந்தப் பொருளுக்குப் பெயர் பெற்ற இடமா, வாங்குகிறவர் அதை நம்பி வாங்குகிறாரா என்பதே உரைகல்.

தவறாகப் பதிவான சின்னத்தை நீக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தை நாடும் வழி இன்றும் உண்டு. அதற்கு முன்பே தடுக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பதிவுக்கு ஏற்கப்பட்ட விண்ணப்பம் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தின் அதிகாரப்பூர்வ இதழில் வெளியாகும். வெளியான நாளிலிருந்து 2 மாதங்களுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

வகையின் பெயர் வேறு, மண்ணின் பெயர் வேறு

பொன்னி ஒரு நெல் வகை. அதே விதையை வேறு மாநிலத்தில் விதைத்தாலும் விளைவது பொன்னிதான். ஆனால் மூட்டையில் "தமிழ்நாட்டுப் பொன்னி" என்று அச்சிட்டால் அது இடத்தைப் பற்றிய வாக்குறுதி. அப்போது அது அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பசுமதியின் கதை வேறு. 2016-இல் இந்தியா அதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. பஞ்சாப், ஹரியானா உள்ளிட்ட இமயமலை அடிவாரப் பகுதிகளில் விளைந்தால்தான் இந்தியச் சட்டப்படி அது பசுமதி. மலேசியாவிலும் சரவாக் மிளகு, பாரியோ அரிசி போன்றவற்றுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இதற்கென 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது.

வணிகச் சின்னம் ஒரு நிறுவனத்தின் சொத்து என்றால், புவிசார் குறியீடு ஒரு வட்டாரத்து உற்பத்தியாளர்கள் அனைவருக்கும் பொதுவான உரிமை. ஆனால் ஒரு நாட்டில் செய்த பதிவு இன்னொரு நாட்டில் தானாகவே செல்லாது. காஞ்சிபுரம் பட்டு இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பதிவை மட்டும் காட்டி இங்குள்ள ஒரு துணிக்கடை மீது நடவடிக்கை எடுத்துவிட முடியாது. அதற்கு மலேசியச் சட்டம்தான் வேண்டும்.

விலையில் தெரியும் வித்தியாசம்

2023 ஜூலையில் பசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்ளூர் வெள்ளை அரிசியோ 10 கிலோ 26 ரிங்கிட் என்ற உச்சவரம்பு விலையில் இருந்தது. ஆனால் கடைகளில் உள்ளூர் அரிசியைத்தான் காணவில்லை. உள்ளூர் அரிசி இறக்குமதி அரிசி என்ற பெயரில் மூட்டை மாறுகிறதோ என்ற சந்தேகம் நாடு முழுக்க எழுந்து, அமலாக்க அதிகாரிகள் சோதனையில் இறங்கினர். எங்கே விளைந்தது என்ற ஒரு வரி மாறினால் ஒவ்வொரு மூட்டைக்கும் எவ்வளவு பணம் கைமாறும் என்பதை அந்த மாதங்கள் காட்டின. தினக்கூலியில் குடும்பம் நடத்தும் தோட்டப்புற மக்களுக்கு அது சிறிய தொகை அல்ல.

பயனீட்டாளர் என்ன செய்யலாம்?

மூட்டையின் முன்பக்கத்துப் படத்தையும் பெரிய எழுத்தையும் விடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்து முக்கியம். இறக்குமதி உணவு என்றால், எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறை. "பெராஸ் பூத்தே தெம்பாத்தான்" என்றால் உள்ளூர் வெள்ளை அரிசி. "பெராஸ் பூத்தே இம்போர்ட்" என்றால் இறக்குமதி.

பொருள் எங்கே தயாரானது என்று பொய் சொல்லி விற்பது 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். முதல் குற்றத்துக்கு நிறுவனம் என்றால் 250,000 ரிங்கிட் வரை அபராதம். தனிநபர் என்றால் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் பினாங்கு அலுவலகத்தில் புகார் செய்யலாம். வழி தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம்.

கொடுத்த பணம் திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதையும் காலி மூட்டையையும் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அவசியம்.

சிறு வணிகர்களுக்கு

வீட்டிலேயே மசாலைத் தூள், முறுக்கு, ஊறுகாய் செய்து விற்கும் நம் மக்கள் இப்போது சொந்தப் பெயரில் பொட்டலம் போடத் தொடங்கியிருக்கிறார்கள். "செட்டிநாடு மசாலை", "மதுரை முறுக்கு" என்று பெயர் வைத்தால் விற்பனைக்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் மட்டுமே சேர்ந்த சொல்லுக்குத் தனியுரிமை கிடைப்பது கடினம். லேபிள் அச்சடிக்கவும் பெட்டி செய்யவும் பணம் போட்ட பிறகு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் முதல் போனது போனதுதான்.

பொருளோடு நேரடித் தொடர்பில்லாத, தனித்துத் தெரியும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்பதை அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். செட்டிநாட்டுப் பக்குவம் என்பதை அதன் கீழே விளக்கமாக எழுதிக்கொள்ளலாம். எங்கே தயாரானது என்பதையும் மறைக்காமல் அச்சிட வேண்டும். "பட்டர்வொர்த்தில் தயாரானது" என்று போடுவதால் மசாலையின் மணம் குறையாது.