கோல் காட்டாததைக் காகிதம் காட்டும்

1837 டிசம்பர் 5. பாரிஸின் இன்வாலீத் தேவாலயத்தில் ஹெக்டர் பெர்லியோஸ் எழுதிய ‘ரெக்வியம்’ அரங்கேறுகிறது. நடத்துபவர், அன்றைய பிரான்ஸின் பெயர்பெற்ற நடத்துநர் ஆபனெக். பாடகர் குழுவையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் சுற்றி நான்கு மூலைகளில் நான்கு பித்தளை வாத்தியக் குழுக்கள். ஓரிடத்தில் வேகம் சட்டென்று மாறும். அந்தக் குழுக்கள் அங்கே நுழைய வேண்டும். சரியாக அந்த நொடியில் ஆபனெக் கோலைக் கீழே வைத்துவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தாராம். பின்னால் இருந்த பெர்லியோஸ் பாய்ந்து வந்து, கையை நீட்டி, புது வேகத்தில் தாளம் போட்டுக் காப்பாற்றினாராம். சொன்னவர் பெர்லியோஸே, தன் நினைவுக் குறிப்புகளில். கதைக்குக் காரம் சேர்ப்பதில் அவர் கெட்டிக்காரர் என்பதால் இதைச் சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு.

கதை உண்மையோ இல்லையோ, அவர் தேர்ந்தெடுத்த இடம் சரியானது. எண்ணிக் கண்டுபிடிக்க முடியாத இடம் அது. புது வேகம் யாராவது காட்டினால்தான் தெரியும். மற்ற இடங்களில் வாத்தியக்காரரை நுழைய வைப்பது பெரும்பாலும் கோல் இல்லை; அவர் முன்னால் ஸ்டாண்டில் இருக்கும் காகிதம்தான்.

நடத்துநரிடம் எல்லா வாத்தியங்களும் அடுக்கிய முழு ஸ்கோர் இருக்கும். வாசிப்பவரிடம் இருப்பது அவருடைய பார்ட் மட்டும். அடுத்த வரிசைக்காரர் என்ன வாசிக்கப்போகிறார் என்பது அதில் தெரியாது. வாசிக்க வேண்டாத இடத்தில் ஒரு தடித்த கோடு, அதன் தலையில் ஓர் எண். 47 என்றிருந்தால் 47 பார், அதாவது 47 தாளச் சுற்று, சும்மா இருக்க வேண்டும். ‘ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு’ என்று ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் பாரின் எண்ணைச் சொல்லி மனத்துக்குள் எண்ணுவார்கள். கச்சேரியில் பாடகர் தொடையில் போடும் தாளம் சபைக்கே தெரியும். இவர்கள் எண்ணுவதோ பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் ட்ராம்போன்காரர்கள் மூவருக்கும் முதல் மூன்று பகுதிகளில் ஒரு சுரம்கூடக் கிடையாது. ஏறத்தாழ இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்றாம் பகுதியிலிருந்து நான்காவதுக்கு இடைவெளியும் இல்லை; மெல்லிய டிம்பனி அடியின் மேல் சத்தம் வளர்ந்து வளர்ந்து நேராக வெடிக்கும். அந்த வெடிப்பின் முதல் தட்டில் மூவரும் முழு பலத்தோடு நிற்க வேண்டும். இதற்குள் குழல் குளிர்ந்து சுருதி இறங்கியிருக்கும். அதனால் எண்ணிக்கொண்டே சத்தமில்லாமல் சூடான மூச்சை ஊதிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக் காத்திருப்பவர்களுக்காகவே பார்ட்டில் ‘கியூ’ எழுதப்படுகிறது. நுழைய வேண்டிய இடத்துக்குச் சற்று முன், இன்னொரு வாத்தியம் வாசிக்கும் வரியைப் பொடி எழுத்தில் போட்டு, மேலே ‘ஓபோ’ என்றோ ‘முதல் வயலின்’ என்றோ குறித்திருப்பார்கள். அதை வாசிக்கக் கூடாது, கேட்க வேண்டும். ஓபோ அந்த வரிக்கு வந்துவிட்டதா? எண்ணிக்கை தப்பியிருந்தாலும் பிடித்துக்கொள்ளலாம்.

பார்ட் எழுதுபவரின் தரம் இங்கேதான் தெரியும். பின்வரிசை ட்ராம்போனுக்கு வயோலாவின் உள்குரலைக் கியூவாகக் கொடுத்தால் அது காகிதத்துக்குக் கேடு. அவர் காதில் விழுகிற, ராகம்போல் மனத்தில் நிற்கிற வரியாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், நிகழ்ச்சிக் கையேட்டில் பெயர் வராத இந்தப் பிரதியெழுத்தாளர்கள் ஒத்திகையில் மிச்சப்படுத்தும் நேரத்துக்கு நடத்துநர்தான் நன்றி சொல்ல வேண்டும். மீதியை வாத்தியக்காரர்களே பென்சிலால் சேர்ப்பார்கள். பார்ட்டின் ஓரத்தில் மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தால், ‘இங்கே நடத்துநரைப் பார்’ என்று பொருள்.

அப்படியானால் நடத்துநர் செய்வது என்ன? வலது கை தாளம் போட, இடது கையும் கண்ணும் நுழைவைக் காட்டும்; இதற்கும் கியூ என்றுதான் பெயர். ஒரு பாருக்கு முன்பே அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். ஒரு தட்டுக்கு முன் தானும் மூச்சிழுப்பார். ஊதுபவர் அதோடு மூச்செடுப்பார். சுரம் ஒலிக்கும்போது காட்டினால் காலம் கடந்துவிட்டது. தாமதமான கியூவைவிடக் கியூ இல்லாததே மேல். சரியாக எண்ணி வந்தவருக்கு இந்தப் பார்வை வெறும் உறுதிப்படுத்தல்தான். ஆனாலும் அது வராவிட்டால், எண்ணியது சரியா என்று வயிறு கலங்கும்.

எல்லா நடத்துநரும் ஒன்றுபோல் இல்லை. பித்தளை வாத்தியக்காரர்களை உற்சாகப்படுத்தும் விதமாகப் பார்க்கவே கூடாது என்று இளம் நடத்துநர்களுக்குக் கேலியாக விதி எழுதிவைத்தார் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். பார்த்தால் சத்தம் தாங்காதாம்! கராயன் பல கச்சேரிகளில் கண்ணை மூடிக்கொண்டே நடத்தினார். அவருடைய பெர்லின் பில்ஹார்மோனிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுத்தான் சேர வேண்டியிருந்தது. நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் குழுவோ 1972 முதல் நடத்துநரே இல்லாமல் வாசிக்கிறது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தபோது கோல் பிடித்தவர் மிக்கேல் டாம்ஸ். பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் பாடிக் காட்டும் வேலை ராஜாவுக்கு அங்கே இல்லை. எழுதிக் கொடுத்த தாள் பேசியது.

1893-ல் நியூயார்க்கில் அரங்கேறிய த்வோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனி வீடியோ கிடைத்தால் கடைசிப் பகுதியைப் பாருங்கள். சிம்பல்காரருக்கு முழுச் சிம்பொனியிலும் ஒரே ஒரு அடி, அதுவும் பலமாக இல்லை. அவர் எழும் நேரத்தில் நடத்துநரின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பாவிட்டால், பார்ட் படிக்காத இயக்குநர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.